விமான தூரமும் பயண நேரமும்: கம்ப்யூட்டர் சொல்வதில் எதை நம்பலாம்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள் முதல் சில வாரங்களில் தேடிப் பார்க்கும் விஷயங்களில் பயணமும் ஒன்று. ரயில், பஸ், அப்புறம் விமானம். கோவையிலிருந்து சென்னைக்கு விமானத்தில் எவ்வளவு தூரம் என்று சர்ச் இன்ஜினில் டைப் செய்து என்டர் தட்டினால், ஒரு நொடியில் பதில்கள் வரிசையாக வந்து நிற்கும். ஆனால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது! ஒரு தளம் 404 என்கிறது. இன்னொன்று 251 என்கிறது. மூன்றாவது 218. நான்காவதைத் திறந்தால் 500க்கும் மேல் காட்டுகிறது. எதை நம்புவது என்று என்னிடம் கேட்டவர்கள் பலர்.

நான்குமே சரிதான். முதல் எண் கிலோமீட்டர். 251 என்பது அதே தூரம் மைலில். 218 என்பது நாட்டிகல் மைல், அதாவது கடல் மைல். கப்பல்களும் விமானங்களும் இந்த அளவைத்தான் பயன்படுத்துகின்றன. ஒரு நாட்டிகல் மைல் 1.852 கி.மீ. நான்காவது தளம் காட்டுவது அவிநாசி, சேலம் வழியாகக் காரில் போகும் சாலைத் தூரம். எனவே எண்ணைப் பார்க்கும் முன் பக்கத்தில் என்ன அலகு போட்டிருக்கிறது என்று பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

மீதிக் குழப்பம் நேரத்தில் இருக்கிறது. அதுதான் காசையும் காரியத்தையும் கெடுக்கக்கூடியது. அதற்கு வருவதற்கு முன், இந்தத் தளங்கள் தூரத்தை எப்படிக் கண்டுபிடிக்கின்றன என்று தெரிந்துகொள்வது நல்லது.

எங்கிருந்து வருகிறது இந்த எண்?

யாரும் டேப் வைத்து அளக்கவில்லை. தளத்தின் சர்வரில் உலக விமான நிலையங்களின் பட்டியல் ஒன்று இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மூன்றெழுத்துக் குறியீடு, அட்சரேகை, தீர்க்கரேகை. நம் பீளமேடு விமான நிலையத்தின் குறியீடு சி.ஜே.பி. சென்னைக்கு எம்.ஏ.ஏ.; மெட்ராஸ் என்ற பழைய பெயர் அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பீளமேடு வடக்கு 11.03 டிகிரி, கிழக்கு 77.04 டிகிரியில் இருக்கிறது. சென்னை வடக்கு 12.99, கிழக்கு 80.17. இந்த நான்கு எண்களை ஒரு சூத்திரத்தில் போட்டால் தூரம் வந்துவிடும். அவ்வளவுதான்!

குறியீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். சேலம் என்று டைப் செய்தால், ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கும் நம் சேலம் விமான நிலையம் வராமல், அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்துச் சேலம் வந்து நிற்கலாம். தூரம் பதிமூன்றாயிரம் கிலோமீட்டர் என்று காட்டினால் பயந்துவிடாதீர்கள். நம்முடையதற்குக் குறியீடு எஸ்.எக்ஸ்.வி.

இன்னொரு வழுக்கல், டிகிரி எழுதும் முறை. 11 டிகிரி, 1 நிமிடம், 48 விநாடி என்றும் எழுதுவார்கள், 11.03 என்றும் எழுதுவார்கள். இரண்டும் ஒன்றே. முதல் வகையைப் பார்த்துவிட்டு 11.0148 என்று டைப் செய்தால் விடை தப்பாகிவிடும். நிமிடத்தை 60 ஆலும், விநாடியை 3600 ஆலும் வகுத்துக் கூட்ட வேண்டும். இந்த வேலையே வேண்டாம் என்றால், கூகுள் மேப்ஸ் திறந்து விமான நிலையத்தின் மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்துங்கள். வரும் மெனுவின் முதல் வரியிலேயே இரண்டு எண்களும் தசம முறையில் இருக்கும். அதன் மேல் கிளிக் செய்தால் காப்பி ஆகிவிடும்.

நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்

விண்டோஸில் உள்ள கால்குலேட்டரே போதும். ஸ்டார்ட் மெனுவில் கால்குலேட்டரைத் திறந்து, இடது மூலையில் உள்ள மூன்று கோடுகளைக் கிளிக் செய்து, சயின்டிபிக் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கோண அளவு டிகிரியில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ரேடியனில் இருந்தால் விடை கன்னாபின்னாவென்று வரும்.

வடக்கு தெற்காக ஒரு டிகிரி என்பது பூமியில் எங்கும் ஏறத்தாழ 111 கி.மீ. கோவைக்கும் சென்னைக்கும் அட்சரேகை வித்தியாசம் 1.96. இதை 111 ஆல் பெருக்கினால் 217.6 கி.மீ. கிழக்கு மேற்கில் அப்படிச் செய்ய முடியாது. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கிக்கொண்டே போகும். உரித்த ஆரஞ்சுப் பழத்தின் சுளைகளைப் பாருங்கள். நடுவில் அகலம், காம்பருகில் கூர்மை. இதைச் சரிசெய்யத்தான் காஸ் பட்டன். இரண்டு ஊர்களின் நடு அட்சரேகை 12.01 டிகிரி. அதன் காஸ் மதிப்பு 0.978. தீர்க்கரேகை வித்தியாசம் 3.13. மூன்றையும் பெருக்கினால், அதாவது 3.13, 111, 0.978, வருவது 339.8 கி.மீ.

இனி பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ். இரண்டையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். 403.5 கி.மீ. தளம் காட்டிய 404 இதுதான்.

ஷார்ஜாவுக்கும் இதே முறையில் செய்து பார்த்தேன். விடை 2770 கி.மீ.; பூமியின் உருண்டையை முழுமையாகக் கணக்கில் எடுக்கும் சூத்திரப்படி 2767. காஸ் போடாமல் விட்டால் 2868 வரும். ஒரு பட்டனை மறந்ததற்கு நூறு கிலோமீட்டர் தண்டம்!

இந்தக் குறுக்குவழி எல்லாத் தூரத்துக்கும் செல்லாது. 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு இடைநில்லா விமானத்தை வடதுருவம் வழியாக ஓட்டி வந்தது பலருக்கும் நினைவிருக்கும். நேர்த் தூரம் 13,993 கி.மீ. இதையே நம் கால்குலேட்டர் முறையில் போட்டால் 16,200க்கு மேல் போய்விடுகிறது. காரணம், தட்டையான மேப்பில் நேராகத் தெரியும் கோடு உருண்டையின் மேல் சுற்றுவழி. ஒரு பந்தை எடுத்து இரண்டு புள்ளிகளுக்கு இடையே நூலை இழுத்துப் பிடித்தால், நூல் எந்த வழியில் படுகிறதோ அதுதான் குறுக்குவழி. கூகுள் மேப்ஸில் வலது கிளிக் மெனுவிலேயே மெஷர் டிஸ்டன்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து இரண்டாவது ஊரைக் கிளிக் செய்தால் தூரத்தைச் சரியாகச் சொல்லிவிடும். நெடுந்தூரமானால் கோடும் வளைந்தே விழும்.

சில தளங்களுக்கு இடையே நான்கைந்து கிலோமீட்டர் வித்தியாசம் வந்தால் கவலைப்படாதீர்கள். பூமி சரியான உருண்டை இல்லை. நடுவில் கொஞ்சம் பருத்தது. சில தளங்கள் சராசரி ஆரம் 6371 கி.மீ. என்று வைத்துக்கொள்கின்றன, சில அந்தப் பருமனையும் கணக்கில் சேர்க்கின்றன.

நேரம் என்று காட்டுவது என்ன?

தூரம் கணக்கிட்டு வருவது. அதே பக்கத்தில் தூரத்துக்குக் கீழே போட்டிருக்கும் பயண நேரம் பெரும்பாலும் ஊகம்! தூரத்தை மணிக்கு 800 கி.மீ. போன்ற ஒரு வேகத்தால் வகுத்து, ஏறி இறங்குவதற்கு ஓர் அரை மணி நேரம் சேர்த்துவிடுவார்கள். சென்னைக்கு ஒரு மணி நேரம், ஷார்ஜாவுக்கு 3 மணி 57 நிமிடம், சிங்கப்பூருக்கு 3163 கி.மீ. என்பதால் 4 மணி 27 நிமிடம். மோசமில்லை. கோவையிலிருந்து ஷார்ஜாவுக்கும் சிங்கப்பூருக்கும் நேரடி விமானங்கள் எடுத்துக்கொள்ளும் நேரத்துக்கு இது பக்கத்திலேயே இருக்கிறது.

ஆனால் அதே பக்கத்தில் லண்டன் என்று கொடுத்துப் பாருங்கள். 8186 கி.மீ., பத்தே முக்கால் மணி நேரம் என்று கூசாமல் சொல்லும். கோவையிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானமே கிடையாது. வளைகுடா நாட்டிலோ மும்பை, டில்லியிலோ இறங்கி மாறித்தான் போக வேண்டும். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் பதினைந்து மணிக்கு மேல் ஆகிவிடும். கம்ப்யூட்டருக்கு இது தெரியாது. அதனிடம் இருப்பது நான்கு எண்கள் மட்டுமே. விமானம் பறக்கிறதா என்று அது பார்ப்பதில்லை.

சரியான நேரம் இருப்பது விமான நிறுவனத்தின் அட்டவணையில். சென்னைக்கு ஜெட் விமானத்தில் ஒரு மணி பத்து நிமிடம் அளவில் போட்டிருப்பார்கள். 404 கி.மீ.க்கு அரை மணி போதாதா என்று கேட்கலாம். டிக்கெட்டில் உள்ள நேரத்துக்குப் பிளாக் டைம் என்று பெயர். விமானம் நின்ற இடத்தை விட்டு நகரத் தொடங்கும் நொடியிலிருந்து, அந்தப் பக்கம் போய் நிற்கும் நொடி வரை. ஓடுபாதை வரை உருண்டு போவது, வரிசையில் நிற்பது, மேலே ஏறுவது, சென்னைக்கு மேல் இறங்க அனுமதிக்காகச் சுற்றுவது எல்லாம் அதில் அடக்கம். முழு வேகத்தில் பறப்பது கொஞ்ச நேரம்தான்.

ஓடுபாதையின் திசையும் இதில் வரும். பீளமேடு ஓடுபாதை வடகிழக்கு, தென்மேற்காகக் கிடக்கிறது. விமானங்கள் எதிர்காற்றில்தான் ஏறும், இறங்கும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேலைக்காற்று எப்படி அடிக்கும் என்று நம்மூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்போது சென்னை விமானம் முதலில் தென்மேற்கே, சென்னைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிளம்பி, அப்புறம்தான் திரும்பும்.

மேலே போனால் இன்னொரு காற்று. குளிர்காலத்தில் வட இந்தியா, அரபு நாடுகளுக்கு மேலே மேற்கிலிருந்து கிழக்காகப் பலமாக வீசும். அதனால்தான் மேற்கே போகும் விமானத்துக்கும் திரும்பி வருவதற்கும் நேரம் ஒன்றாக இருப்பதில்லை. வான்வெளி மூடப்பட்டாலும் இதே கதை. 2019இல் பிப்ரவரி கடைசியிலிருந்து ஜூலை நடு வரையிலும், மறுபடி 2025 ஏப்ரலில் தொடங்கியும், பாகிஸ்தான் வான்வெளியில் இந்திய விமானங்கள் பறக்க முடியாமல் போனது. டில்லியிலிருந்து மேற்கே போனவை சுற்றிப் போயின. தூரம் காட்டும் தளங்கள் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருந்தன.

கடிகாரம் செய்யும் மாயம்

டிக்கெட்டில் போட்டிருக்கும் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம்; சேரும் நேரம் சேரும் ஊரின் நேரம். அதிகாலை 4:00க்குக் கோவையில் கிளம்பி 6:30க்கு ஷார்ஜா என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டரை மணி நேரப் பயணம் என்று நினைக்கத் தோன்றும். அங்கே நேரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்தங்கி இருக்கிறது. 6:30 என்றால் நமக்குக் காலை 8:00. ஆக நான்கு மணி நேரம். திரும்பி வரும்போது இரவு 9:40க்குக் கிளம்பி 3:10க்குக் கோவை என்றால், ஐந்தரை மணி அல்ல, அதுவும் நான்குதான். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். எப்போதும் இரண்டு நேரத்தையும் இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள்.

சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாகக் கூட்டல் குறியும் 1 என்ற எண்ணும் இருந்தால் மறுநாள் என்று பொருள். மகனை அழைத்துவரப் போகிறவர்கள் இதைக் கவனிக்காமல் ஒரு நாள் முன்னதாகவே பீளமேட்டில் போய் நிற்பது உண்டு.

வீட்டிலிருந்து வீடு வரை

என் அக்கா மகன் கோபிசெட்டிபாளையத்தில் இருக்கிறான். அமெரிக்க விசா இன்டர்வியூவுக்குச் சென்னைத் தூதரகத்தில் காலை 10:30 மணி கொடுத்திருந்தார்கள். புதுக் கம்ப்யூட்டரில் எல்லாம் பார்த்துவிட்டுப் போன் செய்தான்.

"ஏனுங்க மாமா, விமானத்துல ஒரு மணி நேரம்னு போட்டிருக்குதுங்க. ஏழரை மணி விமானத்துக்குப் பதிவு பண்ணீறட்டுங்களா? எட்டரைக்கே சென்னைங்க."

"மாப்பிள்ளை, பேப்பர் பேனா எடு" என்றேன்.

உள்நாட்டு விமானங்களுக்குப் பெரும்பாலும் புறப்பட ஒரு மணி நேரம் முன்பே செக்-இன் கவுன்டரை மூடிவிடுவார்கள். ஏழரைக்கு விமானம் என்றால் ஆறு மணிக்காவது பீளமேட்டில் இருக்க வேண்டும். கோபியிலிருந்து காரில் எப்படியும் இரண்டு மணி நேரம். வீட்டில் கிளம்புவது விடியற்காலை நான்கு மணி. டிக்கெட்டில் சென்னை சேரும் நேரம் 8:40. இறங்கி வெளியே வர அரை மணி, அங்கிருந்து ஜெமினி பாலம் போக முக்கால் மணிக்கு மேல். பத்து மணி. எல்லாம் சரியாக நடந்தால் அரை மணி நேரம் கையில் மிஞ்சும். விமானம் முக்கால் மணி தாமதமானால் இன்டர்வியூ போச்சு, மறுபடி தேதி கிடைக்க எத்தனை நாளோ.

முந்தின இரவு ஈரோட்டில் சேரன் எக்ஸ்பிரஸ் ஏறச் சொன்னேன். விடிந்ததும் சென்னை. குளித்துச் சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் போய் நின்றான்.

ஈரோட்டுக்காரர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் வேடிக்கையானது. கோவைக்கும் சென்னைக்கும் மேப்பில் கோடு போட்டுப் பாருங்கள். அது ஏறத்தாழ பவானிக்கு மேலேயே போகிறது. அதாவது சென்னைக்கு விமானத்தில் போக, ஈரோட்டுக்காரர் 90 கி.மீ. மேற்கே காரில் போய், ஏறி, மறுபடி தன் ஊர்ப்பக்கமே பறந்து வருகிறார்! காரில் இரண்டு மணி, காத்திருப்பு ஒன்றரை, விமானம் ஒன்று பத்து, வெளியே வந்து நகருக்குள் போக ஒன்றேகால். ஆறு மணி நேரத்தைத் தொடுகிறது. 2023 ஏப்ரல் 8 முதல் ஓடும் வந்தே பாரத் ரயில் ஈரோட்டிலிருந்து சென்னை சென்ட்ரலுக்குச் சுமார் நாலரை மணி நேரத்தில் போய்விடுகிறது.

அதே கணக்கைப் பீளமேட்டிலோ கணபதியிலோ குடியிருப்பவர் போட்டால் விமானம் நாலரை மணிக்குள் முடிந்துவிடும். அவருக்கு ரயில் ஆறரை. திருப்பூரில் இரண்டுக்கும் நடுவே வந்து நிற்கிறது. அங்கே ஒரு மணி நேரம் முன்னே பின்னே என்பதற்காக விமான டிக்கெட்டுக்குக் கொடுக்கலாமா என்பது அவரவர் அவசரத்தைப் பொறுத்தது. என்னைக் கேட்டால் கொடுக்க மாட்டேன்.

ஒரு விமானத்தில் இறங்கி, தனியாக வாங்கிய வேறொரு டிக்கெட்டில் அடுத்த விமானம் ஏறுபவர்கள் இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஒரே டிக்கெட்டில் இரண்டு விமானமும் இருந்தால், முதலாவது தாமதமானால் மாற்று ஏற்பாடு செய்வது அவர்கள் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் யாரும் உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். இரண்டாவது டிக்கெட்டின் பணம் பெரும்பாலும் போனதுதான். பெட்டியையும் நீங்களே எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே வரச் சொல்வதையும் சேர்த்தால், நடுவில் ஐந்து மணி நேரமாவது விடுவது என் வழக்கம்.

கடைசியாக, நீங்கள் ஏறப்போகும் விமானம் நிஜத்தில் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று வீட்டிலிருந்தே பார்க்க ஒரு வழி உண்டு. விமானங்கள் பறக்கும்போது தாம் இருக்கும் இடத்தை ரேடியோ மூலம் ஒலிபரப்பிக்கொண்டே போகின்றன. அதைத் தரையில் பலர் தங்கள் வீட்டு மாடியிலேயே கருவி வைத்துப் பிடித்து அனுப்ப, ஃப்ளைட்ரேடார்24 போன்ற தளங்கள் மேப்பில் காட்டுகின்றன. அங்கே தேடும் கட்டத்தில் டிக்கெட்டில் உள்ள விமான எண்ணை டைப் செய்யுங்கள். கடந்த சில நாட்களில் அது எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டியது, எத்தனை மணிக்குக் கிளம்பியது, எப்போது தரை தொட்டது எல்லாம் வரிசையாக வரும். பதிவு செய்வதற்கு முன் ஒரு வாரம் இதைக் கவனித்தால் தாமதமாகும் விமானம் எது என்று தெரிந்துவிடும். நேரத்துக்கு மேல் யு.டி.சி. என்று போட்டிருந்தால் ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள்.